வீட்டுக்கல்விப் பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம்

ஆசிரியர் அவர்கட்கு,

கொழும்பில் பிள்ளைகளை வீட்டில் வைத்தே லண்டன் ஓ.எல். (பிரித்தானிய சாதாரண தர) பரீட்சைக்குப் படிப்பிக்கும் பெற்றோர், சுகாதாரப் பாடம் என்று வந்ததும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "உயிரியல் படிக்கிறாள்தானே, அது போதும்" என்று விடுகிறார்கள். இல்லாவிட்டால் அமெரிக்கப் பாடப் பொதியொன்றைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இரண்டிலும் பெரிய ஓட்டைகள் உண்டு.

உயிரியல் நூல் மாதவிடாய் வட்டத்தை ஓமோன்களோடு விளக்கும். ஏழு நாளுக்கு மேல் இரத்தம் போனாலோ, ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பாட் நனைந்தாலோ வைத்தியரிடம் போக வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லாது. அமெரிக்கப் பொதியில் அவசர இலக்கம் 911. இங்கே அம்புலன்சுக்கு 1990, மனநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929. போதைப்பொருள் அத்தியாயத்தில் பாக்கைத் தேடினாலும் கிடைக்காது. நம் நாட்டு ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் முன்னணியில் இருக்க, புகையிலை சேராத வெற்றிலைபாக்குக்கூடப் புற்றுநோய் தரும் என்பதைப் பதின்மூன்று வயதிலேயே படிக்க வேண்டாமா?

வாங்குமுன் இரண்டு இடங்களைப் புரட்டிப் பாருங்கள். ஒன்று, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடற்திணிவுச் சுட்டி (BMI). 18.5 முதல் 25 வரை என்ற அளவு வளர்ந்தவர்களுக்கானது. அதை வைத்துப் பார்த்தால், சுட்டி 17 உள்ள பதின்மூன்று வயதுச் சிறுமி "மெலிவு" என்றாகிப் பயந்துபோவாள். 24 உள்ளவள் "சரி" என்று தப்பிவிடுவாள். உண்மையில் முதலாமவள் சாதாரண அளவில் இருக்கிறாள், இரண்டாமவளுக்கு எடை கூட. 5 முதல் 19 வயது வரைக்குமான உலக சுகாதார நிறுவன வரைபடம், வயதும் பாலினமும் பிரித்து, இருக்கிறதா என்று பாருங்கள். மற்றது, காய்ச்சல். ஐபுபுரொபன் என்ற வலிநிவாரணியைக் கொடுக்கலாம் என்றிருக்கும் பக்கம் டெங்குக் காலத்தில் ஆபத்து: இரத்தக் கசிவு கூடும். பரசிட்டமோல் மட்டுமே, அதுவும் எடைக்கேற்ற அளவில். காய்ச்சல் விடும் நேரம்தான் டெங்கு மோசமாகக்கூடிய நேரம் என்பதும் பாடத்தில் இருக்க வேண்டும்.

அடிப்படையாக எங்கள் தெரிவு, அரசாங்கத்தின் தரம் 10, 11 "சுகாதாரமும் உடற்கல்வியும்" நூல்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்கள இணையத்தளத்தில் தமிழில் இலவசமாக இறக்கலாம். விளையாட்டு விதிகள் கணிசமான பக்கங்களைப் பிடிப்பதால் அவற்றைத் தனியே பிரித்துவிடுங்கள். இனப்பெருக்கச் சுகாதார அத்தியாயத்தைக் கூச்சத்தால் தாண்ட வேண்டாம். தொலைபேசியில் அந்தரங்கப் படம் கேட்டு வற்புறுத்துவோரை எப்படி மறுப்பது என்பதை அதனோடு சேர்த்தே பேசுங்கள். உணவுப் பாடத்துக்குக் கடையில் விற்கும் மென்பானப் போத்தலே நல்ல உபகரணம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் போத்தலில் சிவப்பு அடையாளம் இருக்கும். 400 மில்லிலீற்றர் என்றால் 44 கிராமுக்கு மேல், கிட்டத்தட்ட ஒன்பது தேக்கரண்டி. பிள்ளையே கணக்குப் பார்க்கட்டும்.

முதலுதவியைப் புத்தகத்தால் கற்பிக்க முடியாது. இதயத் துடிப்பு நின்ற வளர்ந்தவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 – 120 தடவை, 5 – 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அமுக்க வேண்டும். தலையணையில் பழகினால் அந்த ஆழம் கைக்குப் பிடிபடாது. செஞ்சிலுவைச் சங்கம் போன்றவை நடத்தும் பயிற்சிக்கு ஒரு நாள் அனுப்புங்கள்.

எந்த நூலை விடவும் முக்கியமானது ஒன்று இருக்கிறது. பாடசாலைக்குப் போகாத பிள்ளை பாடசாலைச் சுகாதார சேவையையும் இழக்கிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி 2017 முதல் தரம் 6 மாணவியருக்கு, ஆறு மாத இடைவெளியில் இரு தடவையாக, பாடசாலையில் வைத்தே போடப்பட்டு வருகிறது. தரம் 7இல் ஏற்புவலி (ரெட்டனஸ்), தொண்டைக்கரப்பான் (டிப்தீரியா) தடுப்பூசி. பல், பார்வை, எடைப் பரிசோதனைகளும் அங்கேதான். வீட்டில் படிக்கும் பிள்ளையைத் தேடி எவரும் வரமாட்டார்கள். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு நீங்களே போய்க் கேளுங்கள். பாடசாலைப் பதிவில் பெயர் இல்லாத பிள்ளைகளை எந்த நாளில், எந்தக் கிளினிக்குக்குக் கொண்டுவர வேண்டும் என்பதைச் சுகாதார அதிகாரிகளும் தமிழில் தெளிவாக அறிவிக்க வேண்டும் எனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
சுகாதார பாட ஆசிரியர்கள் இருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06