பரிசைத் திருப்பிக் கொடுத்த அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பிறந்தநாளுக்கு நான் அனுப்பிய ஸ்லே த ஸ்பையர் என்ற கணினிச் சீட்டு விளையாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள் என்பது, நீங்கள் சொல்லி எனக்குத் தெரியவில்லை. விளையாட்டு விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் என் கணக்கிற்கே பணம் வந்து விழுந்தபோதுதான் தெரிந்தது. பரிசாகப் பெற்றவர் திருப்பினால் தொகை கொடுத்தவருக்கே போய்ச் சேரும் என்ற விதியை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். தொலைபேசியில் கேட்டதற்கு, "செத்தால் மறுபடியும் முதலிலிருந்தா? அதுவும் சீட்டை வைத்துக்கொண்டு? இந்த வகையெல்லாம் எனக்கு ஒத்துவராது, இனிமேல் ஒத்துவரப் போவதும் இல்லை" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டீர்கள். ஒத்துவராது என்பதில் எனக்கு வழக்கில்லை. இனிமேலும் வராது என்றீர்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், உங்களைப் போலவே பேசும் நண்பர்கள் எனக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை நானும் அவர்களில் ஒருவன்.

நீங்கள் எனக்குக் காட்டிய முதல் விளையாட்டிலிருந்தே தொடங்குகிறேன். கேப்காம் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 நம் வீட்டுக்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. வந்த நாள் முதல் அதிலுள்ள வீரர்களில் நீங்கள் கைல், நான் ர்யு, தோற்பவன் நான். திரையின் ஒரு ஓரத்தில் உங்கள் கைல் குந்தியபடியே இருப்பான். அங்கிருந்து அவன் எறியும் சோனிக் பூம் என்ற அலை ஒன்று மிதந்து வரும். நான் அதைத் தாண்டிக் குதிப்பேன். கால் தரையில் படுவதற்குள் ஃப்ளாஷ் கிக் என்ற உங்கள் உதை என்னைச் சாய்த்திருக்கும். எழுந்தால் இன்னொரு சோனிக் பூம். உங்கள் விரல்கள் என் விரல்களைவிட வேகமானவை, அவ்வளவுதான் விஷயம் என்று நான் முடிவு கட்டினேன். அந்த முடிவின் பேரில் சண்டை விளையாட்டு என்ற வகையையே கால் நூற்றாண்டுக்கும் மேல் தொடாமல் இருந்தேன்.

2023-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வெளிவந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. பழைய கோபத்தில் கைலையே தேர்ந்தெடுத்துப் பயிற்சிப் பகுதியில் உட்கார்ந்தேன். அவனுடைய சோனிக் பூமுக்குப் பின்பக்கத்தையும், ஃப்ளாஷ் கிக்குக்குக் கீழ்ப்பக்கத்தையும் சற்று நேரம் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பின்பக்கமும் கீழ்ப்பக்கமும் சந்திக்கும் மூலையில் பிடித்துக்கொண்டால் இரண்டுமே ஒரே சமயத்தில் தயாராகும். ஆக, நீங்கள் குந்தியிருந்தது சோம்பலால் அன்று. எறிந்த பூம் என்னை நோக்கி வந்துகொண்டிருக்கும்போதே நீங்கள் மறுபடி மூலையில் பிடித்து, என் குதிப்புக்காகக் காத்திருந்திருக்கிறீர்கள். அந்தப் பூம் என்மேல் படுகிறதா இல்லையா என்பது உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. நான் குதிக்க வேண்டும் என்பதுதான் உங்களுக்குத் தேவைப்பட்டது. வீட்டில் பாதித் தோல்விகளை நான் என் கால்களாலேயே தேடிக்கொண்டிருக்கிறேன். இதைக் கண்டுபிடித்த இரவில் நான் தனியாகச் சிரித்தேன். முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு சூழ்ச்சி அன்றுதான் எனக்குப் பிடிபட்டது.

சண்டை விளையாட்டுகளுக்கான ஈவோ போட்டியில் 2004-ஆம் ஆண்டு ஜப்பானிய ஆட்டக்காரர் டைகோ உமெஹாரா ஆடிய அந்தப் புகழ்பெற்ற ஆட்டத்தை நாம் இருவரும் சேர்ந்து பார்த்திருக்கிறோம், நினைவிருக்கிறதா? ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3-இன் தேர்ட் ஸ்ட்ரைக் பதிப்பு. எதிராளி ஜஸ்டின் வாங்கின் சுன்-லி தன் பெரிய தாக்குதலை அவிழ்த்துவிடுகிறாள். டைகோவின் கென்னுக்கு உயிர் ஒரு கோடளவுதான் மிச்சம், தடுத்தாலும் அந்தத் தடுப்பின் மேல் கசியும் சேதத்திலேயே செத்துவிடுவான். டைகோ பின்வாங்கித் தடுக்காமல், ஒவ்வொரு உதைக்கும் எதிராளியை நோக்கி முன்பக்கம் தட்டித் தட்டி, பதினைந்து அடிகளையும் ஒன்றுவிடாமல் தள்ளிவிட்டு, திருப்பி அடித்து அந்தச் சுற்றை வென்றார். அப்போது நான் விரல்களைத்தான் பார்த்தேன். இப்போது அதே பதிவைப் பார்க்கும்போது என் கண் போவது அதற்கு முந்தைய சில நொடிகளுக்கு: எதிராளி இதைத்தான் செய்யப் பார்ப்பார் என்று டைகோ காத்திருக்கும் அந்த இடைவெளிக்கு. பதிவும் அதேதான், என் விரல்கள் முன்பைவிட மந்தம்தான். பார்க்க வேண்டிய இடம் மட்டும் எனக்கு மாறியிருக்கிறது.

ஒரு வகை பிடிக்கவில்லை என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் வேறொரு வகையில் கிடைத்த சுவையை அதிலும் தேடிவிட்டு, அது இல்லை என்றுதான் திரும்பி வருகிறோம் என்பது என் எண்ணம். துப்பாக்கி விளையாட்டில் சுவை கையிலும் கண்ணிலும் இருக்கிறது, எடுத்த எடுப்பிலேயே கிடைத்துவிடுகிறது. நீங்கள் திருப்பிக் கொடுத்த ஸ்லே த ஸ்பையரில் அது எங்கே இருக்கிறது என்பதை ஒரே ஒரு சண்டையை வைத்துக் காட்டுகிறேன். இதற்கு மட்டும் கொஞ்சம் பொறுமை தாருங்கள்.

நீங்கள் அயர்ன்கிளாட் என்ற வீரனை வைத்து ஆடியிருப்பீர்கள். கட்டில் பத்துச் சீட்டு: ஐந்து ஸ்ட்ரைக் (அடி), நான்கு டிஃபெண்ட் (தடுப்பு), ஒரு பாஷ் (பலத்த அடி). ஒவ்வொரு முறைக்கும் அதிலிருந்து ஐந்து சீட்டு கைக்கு வரும், செலவழிக்க 3 எனர்ஜி: பாஷுக்கு 2, மற்றவற்றுக்கு ஒவ்வொன்று. எதிரே ஜா வோர்ம் என்ற பல்லுப் புழு. அடுத்து 11 சேதம் தரப்போகிறேன் என்று அதன் தலைக்கு மேலேயே எழுதியிருக்கிறது. இந்த விளையாட்டில் எதிரி தன் அடுத்த அடியைப் பெரும்பாலும் மறைப்பதில்லை. புதிதாக ஆடுபவர் என்ன செய்வார்? இரண்டு டிஃபெண்டை வைத்து 10-ஐத் தடுப்பார், மிச்சமுள்ள எனர்ஜிக்கு ஒரு ஸ்ட்ரைக் போட்டு 6 சேதம் கொடுப்பார், ஒரே ஒரு புள்ளி உயிர் இழப்பார். குறை சொல்ல முடியாத ஆட்டம்போலத் தோன்றும். ஆனால் பாஷையும் ஒரு டிஃபெண்டையும் போட்டால், எதிரிக்கு 8 சேதம் போவதோடு அடுத்த முறையிலும் அதன்மேல் விழும் அடி ஒன்றரை மடங்காகும். நீங்கள் 6 புள்ளி இழப்பீர்கள். அந்த 6 எங்கே போகிறது என்று பாருங்கள்: அயர்ன்கிளாட் ஒவ்வொரு சண்டை முடிவிலும் சரியாக 6 புள்ளி உயிரைத் திரும்பப் பெறுகிறான். ஆக அந்த அடி உங்களுக்கு இலவசம். அடுத்த முறை மூன்று ஸ்ட்ரைக் கைக்கு வந்தால் ஒவ்வொன்றும் 9 வீதம் 27. அடியே வாங்காமல் ஆட நினைப்பவர் சண்டையை நீட்டிக்கொண்டே போவார், புழுவோ நேரம் போகப் போகத் தன் பலத்தைக் கூட்டிக்கொள்ளும். எந்த அடியை வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடத் தொடங்கிய நாளில்தான் எனக்கு இந்த விளையாட்டு திறந்துகொண்டது.

"நல்ல சீட்டு கைக்கே வரமாட்டேன் என்கிறது" என்றும் சொன்னீர்கள். அதிலிருந்தே தெரிந்துவிட்டது, சண்டை முடிந்ததும் நீட்டப்படும் மூன்று சீட்டுகளில் ஒன்றை ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொண்டே போயிருக்கிறீர்கள் என்று. நானும் அப்படித்தான் எடுத்தேன். கொடுப்பதை வேண்டாம் என்பதற்கு மனம் வரவில்லை. பத்துச் சீட்டுக் கட்டில் ஐந்தைந்தாக எடுத்தால் எந்தச் சீட்டும் இரண்டு முறைக்கு ஒரு தடவை கைக்கு வரும். அதே கட்டு முப்பதானால் ஆறு முறைக்கு ஒரு தடவைதான், அதற்குள் பல சண்டைகள் முடிந்தே போய்விடும். வேண்டாம் என்று விடுவதற்கும் அங்கே ஒரு பொத்தான் இருக்கிறது. அதன் அருமை தெரிய எனக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

செத்தால் முதலிலிருந்து என்பது உங்களுக்கு எரிச்சலூட்டுவதன் காரணமும் எனக்குப் புரிகிறது. நாம் சிறுவயதில் ஆடிய விளையாட்டுகளில் முதலிலிருந்து என்றால் அதே பாலம், அதே ஆமை, அதே பள்ளம். இந்த வகையின் மூதாதை அந்தச் சலிப்பிலிருந்து தப்பிக்கவே பிறந்தது. 1980-இல் மைக்கேல் டாய், கிளென் விக்மன் இருவரும் ரோக் என்ற விளையாட்டை எழுதியபோது, ஒருமுறை விடை கண்டால் தீர்ந்துபோகும் சாகச விளையாட்டுகளுக்கு மாற்றாக, ஒவ்வொரு முறையும் புதிதாக அமைந்துகொள்ளும் நிலவறையைக் கொண்டுவந்தார்கள்; எழுதியவர்களுக்கே அடுத்த அறையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. திரையில் எழுத்துகளும் குறிகளும் மட்டும்தான், இறந்தால் இறந்ததுதான். ரோக்லைக் என்று இன்று நாம் சொல்லும் பெயர் அதிலிருந்து வந்தது. அதில் பாத்திரம் சேர்த்தது எல்லாம் அழிந்துபோகும், நீங்கள் தெரிந்துகொண்டது மட்டும் உங்களோடு வரும். வழக்கமான விளையாட்டுகளில் கத்தி கூர்மையாகிக்கொண்டே போகும், ஆடுபவர் அப்படியே இருப்பார், இங்கே நேர்மாறு.

நீங்கள் ஆடியது ஒரு மணி ஐம்பது நிமிடம் என்று உங்கள் கணக்கில் பார்த்தேன். ஸ்டீமில் வாங்கிய பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பிவிடலாம். ஓடாத விளையாட்டுக்கும் ஏமாற்று விளையாட்டுக்கும் அது நல்ல விதி. ஒரு வகை நமக்கானதா என்று அளக்க அது உதவாது. உங்களுக்குத் துணையாக ஒருவரைச் சொல்கிறேன், கோபம் கொஞ்சம் தணியட்டும். ஹிடெடாகா மியாசாகி இயக்கிய டீமன்ஸ் சோல்ஸ் என்ற விளையாட்டு 2009-இல் ஜப்பானில் வெளிவருவதற்கு முன், சோனியின் உலகளாவிய ஸ்டூடியோக்களின் தலைவராக இருந்த ஷுஹெய் யோஷிடா அதை ஆடிப் பார்த்தார். இரண்டு மணி நேரம் ஆன பிறகும் தொடக்கத்திலேயே நின்றுகொண்டிருந்ததாகவும், அதை மோசமான விளையாட்டு என்றே நினைத்ததாகவும் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். வட அமெரிக்காவில் அதைச் சோனி வெளியிடாமல் வேறு நிறுவனம்தான் வெளியிட்டது. அதே இயக்குநரின் எல்டன் ரிங் 2022-இல் வந்து ஓராண்டுக்குள் 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. விளையாட்டையே தொழிலாகக் கொண்டவருக்கு இரண்டு மணி நேரம் போதவில்லை என்றால், உங்களுக்குப் பத்து நிமிடம் குறைந்ததை நான் எப்படிக் குறை சொல்வேன்?

சுவை கண்ணில் படுவதற்கு வாழ்க்கையும் வழிவிட வேண்டியிருக்கிறது. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, அவளை இடது தோளில் சாய்த்துக்கொண்டு வலது கையில் மவுஸைப் பிடித்தபடிதான் முறை வைத்து ஆடும் விளையாட்டுகளுக்குள் வந்தேன். அவள் அழுதால் எழுந்துபோய்விட்டு அரைமணி கழித்து வருவேன். புழு அதே 11-ஐத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு அதே இடத்தில் காத்திருக்கும். நம் அனிச்சை மழுங்கிவிட்டது, இனி விளையாட்டுக்கும் நமக்கும் உறவில்லை என்று நீங்கள் இரண்டு வருடமாகச் சொல்லிவருகிறீர்கள். மழுங்கியது உண்மைதான். ஆனால் 1991-இல் வந்த, முறை வைத்து ஆடும் சிவிலைசேஷன் தொடங்கி, அனிச்சையையே கேட்காத ஒரு பெரிய உலகம் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. கை வேகமாக இருந்த காலத்தில் நாம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சரக்கு லாரி ஓட்டும் யூரோ டிரக் சிமுலேட்டர் 2-ஐ நான் ஆடுவதைப் பார்த்து, விடுமுறையிலும் வேலை செய்கிறாயே என்று கேட்டீர்கள். டிரெய்லரை இடப்பக்கம் பின்னுக்குக் கொண்டுபோக ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது உடம்பில் ஏறி, ஒருநாள் ஒரே முயற்சியில் வண்டியைச் சந்துக்குள் நிறுத்திய பிறகு நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததை நீங்கள் பார்த்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

எல்லா வகையும் எல்லாருக்கும் காலப்போக்கில் பிடித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. இணையத்தில் அணியாகச் சேர்ந்து ஆடும் டோட்டா 2-க்கு நூறு மணி நேரத்துக்கு மேல் கொடுத்தேன். அதன் சுவை எங்கே என்று எனக்குத் தெரியும்: ஐந்து பேர் ஒரே நொடியில் ஒரே எண்ணத்தோடு நகரும் அந்தக் கணத்தில். இரண்டு மூன்று தடவை அனுபவித்தும் இருக்கிறேன். அதற்காக, நடுவில் எழ முடியாத ஒரு முக்கால் மணி நேரத்தையும் முகமறியாதவர்களின் வசவையும் ஏற்றுக்கொள்ள எனக்கு மனமில்லை, விட்டுவிட்டேன். ஆனால் பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன். நீங்களும் ஒருநாள் அப்படிச் சொன்னால் பேசாமல் ஒப்புக்கொள்வேன்.

அதனால் அதே விளையாட்டை உங்களுக்கு மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். இந்த முறை திருப்பினாலும் பணம் எனக்குத்தான் வரும், சங்கடப்பட வேண்டாம். பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் திரையில், ஆட்டம் எப்படி அமையும் என்பதைத் தீர்மானிக்கும் 'seed' குறியீட்டை இடுவதற்கு ஓர் இடம் இருக்கும். நான் செய்தியில் அனுப்பியுள்ளதை அப்படியே அதில் இடுங்கள். இருவரும் அதையே இட்டால் உங்களுக்கும் எனக்கும் ஒரே வரைபடம் வரும். நான் என் ஆட்டத்தை ஏற்கெனவே ஆடி முடித்து, எடுத்த சீட்டுகளைக் குறித்து வைத்திருக்கிறேன். நீங்கள் வெல்ல வேண்டியதில்லை, நான்காவது சண்டையிலேயே செத்தாலும் சரி. முதல் மூன்று சண்டைகளுக்குப் பிறகு எந்தச் சீட்டையாவது வேண்டாம் என்று விட்டீர்களா, ஏன் விட்டீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி