துப்பறியும் வகுப்பு நிற்காமல் நடக்க: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

வகுப்பு தொடங்க இன்னும் 3 வாரமே இருக்கிறது. தேவைப்படும் தொகையில் மூன்றில் இரண்டு பங்குதான் சேர்ந்திருக்கிறது. மீதிக்கு உங்களை விட்டால் எங்களுக்கு வேறு வழி இல்லை.

6 முதல் 8-ஆம் வகுப்பு வரை படிக்கும் மீத்திறன் மாணவர்களுக்காக நாம் நடத்தும் துப்பறியும் வகுப்பை உங்களில் பலர் அறிவீர்கள். ஆசிரியர் கணக்கை எழுதி முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிட்டு, மீதி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கானது இது. அவர்கள் கையில் ஒரு வழக்கைக் கொடுக்கிறோம். பரிசுக் கோப்பை காணாமல் போயிருக்கிறது. ஒரு மொட்டைக் கடிதம் கிடைத்திருக்கிறது. சந்தேகத்துக்கு 3 கறுப்பு ஸ்கெட்ச் பேனாக்கள். வடிதாளில் மையைத் தொட்டுவைத்து அடிநுனியைத் தண்ணீரில் நனைத்தால், பார்வைக்கு ஒன்றுபோல் இருந்த கறுப்பு ஒவ்வொன்றும் வேறுவேறு நிறங்களாகப் பிரிந்து மேலேறும். கடிதத்தின் மை எதோடு ஒத்துப்போகிறது? அதைப் பிள்ளைகளே காட்ட வேண்டும். முந்திக்கொண்டு பெயரைச் சொன்னால் மதிப்பெண் கிடையாது, ஆதாரத்தோடு சொன்னால்தான் உண்டு. கெட்டிக்காரப் பிள்ளைகள் திணறுவது இந்த இடத்தில்தான்.

துப்பறிவது வெளிநாட்டுச் சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். சிலம்பை உடைத்து உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று அரசவையில் காட்டியவள் கண்ணகி. தீர விசாரிக்காத தீர்ப்பு என்ன செய்யும் என்பதற்கு முதல் நாள் வகுப்பில் அவள் கதையைத்தான் சொல்கிறோம். அப்புறம் 1897. உலகின் முதல் கைரேகைப் பதிவகம் அந்த ஆண்டில் கல்கத்தாவில் அமைந்தது. அங்கே ரேகைகளை வகைபிரிக்கப் பயன்பட்ட முறைக்கு, அன்றைய வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் பெயர் நிலைத்துவிட்டது. அதற்குப் பின்னால் உழைத்த இந்தியக் காவல் அதிகாரிகள் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகியோரை எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த முறைப்படி ஒவ்வொரு விரலிலும் சுழி உண்டா, இல்லையா என்று மட்டும் பார்த்தாலே 10 விரலுக்கு 1024 வகைகள் கிடைக்கும். இதை நாங்கள் சொல்லித் தருவதில்லை, பிள்ளைகளே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். 48 பிள்ளைகள், 12 குழுக்கள். குழுவுக்கு ஒரு நுண்ணோக்கி வேண்டும், கையில் இருப்பது 7. வழக்குக் கோப்புகள் குழுவுக்கு 6 வீதம் 72 அச்சிட வேண்டும். கைரேகைப் பொடி, மைத்திண்டு, வடிதாள், கையுறை எல்லாம் ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வாங்க வேண்டியவை. குழுவில் யாரும் ஊதியம் பெறுவதில்லை.

இதுவரை கொடுத்தவர்களை எப்படி மறப்போம்? அந்த 7 நுண்ணோக்கிகளையும் பெயர் வேண்டாம் என்று சொல்லி வாங்கித் தந்தவர், ஓய்வுபெற்ற பின்னும் வாரந்தோறும் வந்து சோதனைகளைச் சரிபார்க்கும் ஆய்வக உதவியாளர், மாதிரி நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்து 12 வயதுப் பிள்ளையின் வாதத்தைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்ட வழக்கறிஞர், உண்டியலைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்த முன்னாள் மாணவி, கோப்புகளை இரவில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்த தாய்மார்கள் என எல்லோருக்கும் எங்கள் வணக்கம். இறைவன் உங்கள் குடும்பங்களுக்குக் குறைவில்லாமல் கொடுக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சென்ற கூட்டத்தில் கைதட்டலுக்கு நடுவே எழுந்து தொகை அறிவித்தவர்களில் சிலரிடமிருந்து இன்னும் வரவில்லை. பெயர்களைப் படிக்க மாட்டோம். ஆனால் அறிவித்த தொகை முழுவதும் வந்தாலே பற்றாக்குறையில் பாதி தீர்ந்துவிடும். நம் பிள்ளைகள் இதே வகுப்பில் படித்து மேலே போனவர்கள்தானே? அடுத்து வரும் பிள்ளைகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

முடிந்தவர்கள் ஒரு குழுவின் முழுச் செலவையும் ஏற்கலாம். முடியாதவர்கள் ஒரு கோப்பின் செலவைத் தரலாம். வீட்டில் சும்மா கிடக்கும் நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும். பணம் கொடுத்தால் பொருளாளரிடம் கையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அச்சகத்துக்கு முன்பணம் கட்ட வேண்டியிருப்பதால் 10 நாளுக்குள் வந்து சேர்ந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
துப்பறியும் வகுப்புக் குழுவினர்