பாஸ்கீயும் ஃபார்மேட்டும்

ஆசிரியருக்கு,

நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் ஒரே கணினியில் கணக்குப் பார்ப்போர், பாஸ்கீயை (பாஸ்வேர்டுக்குப் பதிலாக லாகின் செய்ய உதவும் டிஜிட்டல் சாவி) கிளவுடில் ஏற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. கூகுளில் லாகின் செய்திருந்தால் குரோம் பெரும்பாலும் பாஸ்கீயை கிளவுடில் சேமிக்கும் கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜரைத்தான் முதலில் நீட்டும். அதை விட்டு, விண்டோஸிலேயே உள்ள லாகின் வசதியான 'விண்டோஸ் ஹலோ'வைத் தேர்ந்தெடுங்கள். சாவி அந்தக் கணினியின் டிபிஎம் (சாவிகளைப் பாதுகாக்கும்) சிப்போடு பிணைந்துவிடும். விண்டோஸ் பின் (PIN) எண் தெரிந்த எவரும் அந்தச் சாவியைப் பயன்படுத்தலாம் என்பதால், கடைப்பையனிடம் அந்த எண்ணைச் சொல்லி வைக்காதீர்கள்.

வினை, கணினியை சர்வீஸுக்குக் கொடுக்கும்போதுதான். ஃபார்மேட் செய்தாலோ மதர்போர்டை மாற்றினாலோ அத்தனை பாஸ்கீயும் போச்சு. பென்டிரைவில் எடுத்து வைத்த ஃபைல்களில் அவை இருக்காது. ஆகவே ஒவ்வொரு கணக்கிலும் யுஎஸ்பி செக்யூரிட்டி கீ (பாஸ்கீயைத் தன்னுள் வைத்திருக்கும், கணினியில் செருகும் சிறு கருவி) ஒன்றை இரண்டாவது பாஸ்கீயாகப் பதியுங்கள். அந்தக் கருவியின் பின் (PIN) எண்ணை 8 முறை தொடர்ந்து தவறாக அடித்தால் பூட்டிக்கொள்ளும். ரீசெட் செய்தால் உள்ளிருப்பதும் அழியும். பாஸ்கீ போனாலும் கணக்கைத் திறக்க உதவும் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு பீரோவில் வையுங்கள், அதே கணினியின் டெஸ்க்டாப்பில் அல்ல.

- வாசகர், தக்கலை