ரப்பர் கணக்குச் செயலிக்கு விலை வைக்கப் போகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அருமனை பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர் இருக்கிறது. நான் குழித்துறையில் ரயிலேறி, திருவனந்தபுரத்தில் மென்பொருள் வேலைக்குப் போய்வருகிறவள். அப்பாவின் கணக்கு நோட்டில் பாதிப் பக்கங்கள் ரப்பர் பால் பட்டு ஒட்டிக்கிடக்கும். பிரித்தால் எழுத்தும் சேர்ந்து கிழியும். மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிறவருக்கு எத்தனை நாள் கூலி பாக்கி என்று அப்பாவும் அவரும் ஒருநாள் மாலை முழுக்கப் பேசி, முகம் வாடிப் பிரிந்தார்கள். பதினைந்து ஆண்டுப் பழக்கம். அன்றிரவே இந்தச் செயலியை எழுதத் தொடங்கிவிட்டேன்.

பாலின் எடை, பாலில் மிதக்கவிட்டு அளக்கும் மெட்ரோலாக் கருவி காட்டும் ரப்பர் சதவீதம், பாலை உறையவைத்து எடுக்கும் ஷீட், வெட்டிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால், கூலி. இவ்வளவுதான் அதில். 20 கிலோ பாலில் 35 சதவீதம் என்றால் 7 கிலோ ரப்பர். மழைக்காலத்தில் சதவீதம் இறங்கும். அதை அன்றன்றே குறிக்காததால்தான் மாதக் கடைசியில் சண்டை. பொத்தான்களைச் சரிசெய்யவே எனக்கு மூன்று வாரம் பிடித்தது. விரலில் பால் காய்ந்திருந்தால் போன் தொடுகையைச் சரியாக உணராது. அப்பா பெருவிரலிலிருந்து அதைத் தோல்போல உரித்துப் போட்டுவிட்டு, அதன்பிறகே எண்ணை அழுத்துவார்.

இப்போது அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் முப்பது பேர் பயன்படுத்துகிறார்கள். பிளே ஸ்டோரில் வெளியிட்டு ஆண்டுக்கு 200 ரூபாய் வாங்கலாமா என்று கேட்டபோது, "ஊருக்குச் செய்கிற காரியத்துக்குக் காசா? விளம்பரம் போட்டு இலவசமாகக் கொடு" என்றார்கள் உறவினர்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. எந்த விளம்பரம் வரும் என்பது முழுக்க என் கையில் இல்லை. ரப்பர் விலை சரிந்த மாதத்தில் கணக்கைத் திறப்பவரின் கண்முன் 'உடனடிக் கடன்' வந்து நிற்க நான் இடம் தரமாட்டேன். ஆண்ட்ராய்டின் புதுப் பதிப்புகளுக்கேற்பத் திருத்திக்கொண்டே இருக்காவிட்டால், புதுப் போன்களில் செயலியை நிறுவ முடியாமல் போகும். ஆக, இது ஒருமுறை செய்து முடிகிற வேலை அல்ல. காசு வாங்கினால், விடியற்காலை ஐந்து மணிக்குத் தோட்டத்திலிருந்து வரும் அழைப்பை எடுப்பது என் கடமையாகிவிடும். அந்தக் கடமைக்குத்தான் 200 ரூபாய்.

தயக்கம் வேறு இடத்தில் இருந்தது. ஓய்வு நேரத்தில் எழுதுவதும் நிறுவனத்துக்கே சேரும் என்று என் பணி ஒப்பந்தத்தில் ஒரு வரி. கையெழுத்திட்டபோது அதை நான் வாசிக்கவேயில்லை. எழுத்துமூலம் அனுமதி வாங்க நான்கு மாதம் ஆயிற்று. அந்தக் கடிதம் இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கியிருக்க மாட்டேன். இன்னொன்று, காசு வாங்கும் தனிநபரின் முழு முகவரியையும் பிளே ஸ்டோர் எல்லோருக்கும் காட்டும். பெண்பிள்ளையின் வீட்டு முகவரி ஊரெல்லாம் தெரியவேண்டுமா என்று அம்மா கலங்கினார். அது நியாயமான பயம். டவுனில் அண்ணன் நடத்தும் கடையின் முகவரியைக் கொடுக்கலாம் என்று வீட்டில் பேசி முடித்திருக்கிறோம்.

புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குபவர், வெளியிடுமுன் 12 பேரைக் கொண்டு தொடர்ந்து 14 நாள் சோதித்துக் காட்டவேண்டும் என்பது கூகுளின் விதி. இந்தச் சோதனைக்கு இதுவரை ஒன்பது பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள், பால் வெட்டுகிறவரும் அதில் ஒருவர். குலசேகரம், களியல் பக்கம் சிறுதோட்டம் வைத்திருக்கும் மூன்று பேர் முன்வந்தால், இலையுதிர்வு முடிந்து மறுபடி வெட்டு தொடங்கும்போது செயலி தயாராக இருக்கும். கணக்கில் எங்கே தவறு வருகிறது என்று முகத்துக்கு நேரே சொல்பவர்களாக இருந்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அருமனை, கன்னியாகுமரி மாவட்டம்.