காம்பஸ் திருகாணி

அன்பு மகன் செந்திலுக்கு, அப்பா எழுதுவது.

போனில் நீ கொட்டித் தீர்த்ததையெல்லாம் கேட்டேன். ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு விடைத்தாளைப் பாப்பா உன்னிடம் காட்டாமல் ஒளித்துவைத்தாளாம். ஒரு வாரமாக நீ அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். 2001 ஞாபகம் இருக்கிறதா?

நீ பத்தாம் வகுப்பு. கடையில் தீபாவளித் துணி குவிந்துகிடந்த நேரம். ஓர் இரவு பென்சில் தேடி உன் பையில் கை விட்டேன், ரேங்க் கார்டு வந்தது. கணிதம் 31, அடியில் சிவப்புக் கோடு. பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் என் கையெழுத்து! நானே அவ்வளவு அழகாகப் போட்டதில்லை. என்னுடையது எப்போதும் கோட்டை விட்டு மேலே ஏறும். இன்றுவரை உன் அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

நல்லவேளை, நீ தூங்கிக்கொண்டிருந்தாய். மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். தீபாவளி நேரத்தில் தையல்காரன் கடையைப் பூட்டினால் என்ன பேச்சு வாங்குவான் என்று உனக்குத் தெரியும். கணக்கு வாத்தியார் விடைத்தாளை எடுத்துக் காட்டினார். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்குக் கணக்கு எங்கே புரியும்? வட்டம் மட்டும் புரிந்தது. தொடுகோடு வரைய நீ போட்ட வட்டம், தொடங்கிய இடத்துக்கு வந்து சேராமல் நூலளவு தள்ளி ஓடியிருந்தது. அழித்து அழித்துத் தாளே தேய்ந்திருந்தது. அன்றிரவு உன் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். காம்பஸில் திருகாணி தளர்ந்து கால் ஆடியது. மெஷின் திருப்புளியால் இறுக்கிவைத்தேன். அரையாண்டில் 58 வாங்கினாய். திருகாணியால் மட்டும் 27 மதிப்பெண் ஏறிவிடாது. வாத்தியாரும் உன்மேல் ஒரு கண் வைத்திருப்பார்.

அதே நான்தான் பிளஸ் ஒன்னில் கெடுத்தேன். நீ காமர்ஸ் குரூப் கேட்டாய். மகன் ஃபர்ஸ்ட் குரூப் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. இயற்பியலோடு இரண்டு வருடம் நீ பட்ட பாடு என் கண்ணிலேயே நிற்கிறது. பாப்பாவும் சீக்கிரம் அந்த இடத்துக்கு வருவாள். அப்போது உன் ஆசையைச் சொல்லித் தொலைக்காதே.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போக நேரமில்லை என்றாயே. எங்கள் காலத்தில் பெற்றோரைக் கூப்பிட்டால் ஒன்று புகார், இல்லாவிட்டால் நன்கொடை. இப்போது குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும் பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. மருமகளையும் கூட்டிக்கொண்டு போ. பெண்பிள்ளைகள் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை என்று பாப்பா என்னிடம் சொன்னாள். உன்னிடம் சொன்னாளா?

அவள் சீருடைக்கு அளவெடுத்து அனுப்பு. போன வருட அளவு வேண்டாம், தோள் பிடிக்கும்.

அப்பா