எந்த ரப்பர் என்று பாக்கெட்டில் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 20 சதவீதம் எத்தனால் (ஒருவகை ஆல்கஹால்) கலந்த இ20 பெட்ரோல் பற்றி உங்கள் பத்திரிகைக்கு வாசகர்கள் எழுதும் கடிதங்களை விடாமல் படித்து வருகிறேன். எல்லாரும் மைலேஜைப் பற்றியே எழுதுகிறார்கள். மைலேஜ் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் வைத்த பழைய பைக் ஓட்டுகிற எங்களுக்கு அதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. ரப்பர் கெட்டு வண்டிக்கு அடியில் சொட்டுகிற பெட்ரோல்.

2025 ஆகஸ்டில் பெட்ரோலியத் துறை அமைச்சகம் ஒரு விளக்கம் கொடுத்தது. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம், செலவு குறைவுதான், வழக்கமான சர்வீஸிலேயே மாற்றிவிடலாம் என்று அதில் சொல்லியிருந்தார்கள். சரி, மாற்றிக்கொள்கிறோம். எந்த ரப்பரை வாங்கி மாற்றுவது? கடையில் போய் என்ன சொல்லிக் கேட்பது? இதற்குப் பதில் வேண்டித்தான் இந்தக் கடிதம்.

நான் பட்டுக்கோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரருக்கு சிங்கப்பூரில் வேலை. அவர் 2008இல் வாங்கிய நூறு சிசி பைக்கைத்தான் ஓட்டுகிறேன். பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி.யும் புதுப்பித்தாயிற்று. துணி எடுக்க, தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுக்க, மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக, எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான். எங்கள் அடுத்த தெருவில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த அண்ணன் கண் பார்வை குறைந்து கடையை மூடும் முன்பு, கார்புரேட்டர் வேலையை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். "ஊசியில நூல் கோக்கிற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா தங்கச்சி" என்றார். உண்மைதான். இது பலத்தால் செய்கிற வேலை இல்லை. பொறுமையும் நல்ல வெளிச்சமும் இருந்தால் போதும்.

பிஎஸ்6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி 2020 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த பைக்குகள் பெரும்பாலும் எஃப்.ஐ. வண்டிகள், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் எரிபொருளைப் பீய்ச்சுகிற ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் உள்ளவை. சென்சார் உள்ள வண்டி எரிபொருளின் அளவைத் தானே ஓரளவு கூட்டிக் குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த வசதி கிடையாது. ஜெட் என்கிற சின்னப் பித்தளைத் திருகில் என்ன துளையோ, அதன் வழியாக வருவதுதான். ஒரு லிட்டர் எத்தனாலில் கிடைக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென்று வடிவமைத்து இ10க்கு (10 சதவீத எத்தனால்) ஏற்ப டியூன் செய்த இருசக்கர வண்டிகளில் இ20 போட்டால் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒழுகுவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் ராத்திரி பைக்கைக் கூடத்திலோ ரேழியிலோதான் நிறுத்துகிறார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலையாமல் தரையோடு தரையாகப் பரவும். பூஜ்ஜியத்துக்கு 40 டிகிரி கீழே இருக்கிற குளிரிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும் என்றால், நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்தக் கூடத்திலேயே ஒரு மூலையில் சாமி விளக்கு எரியும், இன்னொரு மூலையில் கொசுவத்திச் சுருள் புகையும். "லேசா வாசம் வருது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

ஒழுக்கு எங்கே என்று கண்டுபிடிப்பது சுலபம். பெட்ரோல் டேப், டியூப், கார்புரேட்டர் எல்லாவற்றையும் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, இன்ஜினைப் போடாமல் டேப்பை மட்டும் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். டேப்பின் கழுத்திலிருந்து வந்தால் அதன் வாஷர். டியூப் முனையில் கசிந்தால் டியூபும் கிளிப்பும். கார்புரேட்டரின் அடியில் இருக்கிற கப்பின் விளிம்பில் ஈரம் தெரிந்தால் கப் ஓரிங், அதாவது அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம். கீழே தொங்குகிற ஓவர்ஃப்ளோ டியூபிலிருந்து சொட்டினால்தான் கார்புரேட்டரின் உள்ளே பார்க்க வேண்டும்.

அந்தக் கப்பில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் நிற்கும். அதற்குள் ஒரு மிதவை. பெட்ரோல் ஏற ஏற மிதவை உயர்ந்து, தன் நாக்கால் ஒரு சின்ன நீடிலைத் தூக்கி, பெட்ரோல் வரும் வழியை அடைக்கும். வீட்டு மேல்தொட்டியில் தண்ணீர் நிரம்பியதும் பந்து வால்வு மூடுகிற மாதிரிதான். நீடிலின் நுனியில் கறுப்பு ரப்பரில் ஒரு கூம்பு இருக்கும். டேப் திறந்திருக்கிற நேரமெல்லாம் டேங்க் பெட்ரோல் மொத்தத்தையும் தடுத்து நிறுத்துவது அந்த நுனிதான். பழைய நீடிலை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கூம்பைச் சுற்றி ஒரு வளையத் தடம் தெரியும், நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். தடம் விழுந்துவிட்டால் எத்தனை தடவை கழுவினாலும் பிரயோஜனம் இல்லை, நீடிலை மாற்றத்தான் வேண்டும். தடம் இல்லாமலும் ஒழுகினால், டேங்கிலிருந்து வந்த துருத் துகள் இடையில் சிக்கியிருக்கலாம். நீடில் உட்கார்கிற பித்தளை இருக்கையைத் துணியால் துடைத்தாலே சரியாகிவிடும். மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கவும் மறக்கக் கூடாது. உள்ளே தளும்புகிற சத்தம் கேட்டால் அது ஓட்டை. அந்த மிதவை எழும்பாது.

வேலையை வாசலில், நிழலில், காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், டேப் மூடியிருக்க வேண்டும். கப்பில் இருக்கிற பெட்ரோலை டிரெயின் ஸ்க்ரூ வழியாக ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்தால், அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓடாமல் மாதக்கணக்கில் நின்ற வண்டியில், அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து அடியில் போய்த் தங்கிவிடும். கப்பின் உட்பக்கம் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் ஈரம் அங்கே வேலையைக் காட்டியிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீரை ஊற்றினால் தீ பரவும்.

ஜெட்டுகளைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். அடைத்திருந்தால் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும். மிஞ்சினால் நைலான் பிரஷ்ஷின் ஒரு இழை. என் கடையில் எல்லா நம்பரிலும் ஊசி இருக்கிறது, ஒன்றைக்கூட ஜெட்டுக்குள் விடமாட்டேன். பித்தளை மிருதுவானது. இரும்பு உள்ளே போனால் துளை பெரிதாகும், அப்புறம் பெட்ரோல் அதிகமாகக் குடிக்கும். காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவைச் சரிசெய்யும் ஸ்லோ ஸ்க்ரூவைக் கழற்றும் முன், முதலில் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். திரும்ப மாட்டும்போது அதே கணக்கு. மிதவையைத் தாங்குகிற பின்னைச் சுத்தியலால் தட்டவே கூடாது. அதைப் பிடித்திருக்கும் தூண் உடைந்தால் கார்புரேட்டரே போச்சு.

எல்லாம் மாட்டி, கப்பை மூடுவதற்கு முன் ஒரு சோதனை. பெட்ரோல் வரும் வாயில் சுத்தமான புது டியூபைச் செருகி, கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து மெதுவாக ஊத வேண்டும். மிதவையின் கனமே நீடிலை அழுத்திக்கொண்டிருக்கும் என்பதால் காற்று போகக் கூடாது. நேராகத் திருப்பினால் தாராளமாகப் போக வேண்டும். இந்தச் சோதனையில் தேறிய பிறகுதான் வண்டியில் ஏற்றுவேன்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். ஓவர்ஃப்ளோ டியூபில் சொட்டுகிறது என்று அதை மடக்கிக் கட்டுகிறார்கள், சிலர் போல்ட் வைத்தே அடைத்து அனுப்புகிறார்கள். அந்த டியூபை வைத்திருப்பதே, நீடில் மூடாமல் போனால் பெட்ரோல் வெளியே போகட்டும் என்றுதான். அதை அடைத்தால் பெட்ரோல் இன்ஜின் பக்கம் போகும். சிலிண்டர் வழியாக ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துவிட்டால் இன்ஜின் தேயும், பிறகு ஆயிரக்கணக்கில் செலவு. சந்தேகம் இருந்தால் ஆயில் ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தால் ஒழுக்கைச் சரிசெய்து, ஆயிலையும் மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

இப்போது கடைக்கு வருகிறேன். ரப்பர் என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் எல்லா ரப்பரும் ஒன்றல்ல. நைட்ரைல் என்பது விலை குறைந்த, சாதாரணமாகப் பெட்ரோலுக்குப் போடுகிற ரகம். எத்தனால் கூடும்போது சில ரகங்கள் ஊதிப்போகும், சில காலப்போக்கில் இறுகி வெடிக்கும். வைட்டான் எனப்படும் ஃப்ளோரோ ரப்பர் ரகம் எத்தனால் கலந்த பெட்ரோலை நன்றாகத் தாங்கும், விலையும் கூட. இரண்டும் பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கும். கையில் வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்க என்னால் முடியாது, கடைக்காரராலும் முடியாது. கார்புரேட்டர் கிட் கேட்டால் ஒரு பாக்கெட்டை எடுத்துப் போடுகிறார். அதில் வண்டியின் பெயர், விலை, பேக் செய்த மாதம் எல்லாம் இருக்கிறது. என்ன ரப்பர், இ20க்கு ஆகுமா என்பது மட்டும் இல்லை. ஓரிங் என்றால் அதுவும் கிடையாது, தட்டில் உதிரியாகக் கிடக்கிறதில் ஒன்றைத் தேடித் தருகிறார். கேட்டால், "கிட் எல்லாம் எதுக்கும்மா, முழு கார்புரேட்டரே வாங்கிப் போட்டுடுங்க" என்கிறார். ஒரு நீடிலுக்காக முழு கார்புரேட்டரையும் மாற்றச் சொல்வது எங்களைப் போன்றவர்களின் வயிற்றில் அடிப்பது. தவிர, அந்தப் புது கார்புரேட்டருக்குள் இருக்கிற ரப்பர் மட்டும் என்ன ரகம் என்று யாருக்குத் தெரியும்?

அமைச்சகம் ரப்பரை மாற்றச் சொல்லிவிட்டது. அப்படியானால் மாற்ற வேண்டிய பாகத்தின் பாக்கெட்டில் "இ20 பெட்ரோலுக்கு ஏற்றது" என்று தமிழிலும் அச்சிட வேண்டும் என்ற உத்தரவும் சேர்ந்தே வந்திருக்க வேண்டும். 2023 ஏப்ரலிலிருந்து வருகிற புது வண்டிகளின் பாகங்கள் இ20ஐத் தாங்கும்படி செய்யப்படுகின்றன. அதே ரப்பரில் பழைய மாடல்களுக்கும் நீடில், கப் ஓரிங், டேப் வாஷர், டியூப் நான்கையும் சேர்த்து ஒரு கிட்டாகப் போடுவது வண்டிக் கம்பெனிகளுக்குப் பெரிய காரியமில்லை. 2020க்கு முன் விற்ற வண்டிகள் லட்சக்கணக்கில் இன்னும் ஓடுகின்றன. பால் ஊற்றுகிறவர், மீன் கூடை கட்டிப் போகிறவர், கொத்தனார், சித்தாள் என்று அவற்றில் போகிற யாரும் நாளைக்கே புது வண்டி வாங்கப் போவதில்லை. புதிய கலவை வரும்போது பழைய வண்டிகளுக்காக எத்தனால் குறைந்த பெட்ரோலும் பங்கில் கிடைக்க வேண்டும் என்று நிதி ஆயோக்கின் அதே அறிக்கை பரிந்துரைத்திருந்தது. அது எங்கள் ஊர் பங்கில் கிடைப்பதில்லை. அதையாவது கொடுங்கள், இல்லாவிட்டால் ரப்பரையாவது சரியாகக் கொடுங்கள்.

ஐ.டி.ஐ. நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமைகளில் ஊர் மக்களுக்கு, குறிப்பாக வண்டி ஓட்டும் பெண்களுக்கு, இந்த வேலையை ஒரு மதியம் சொல்லிக் கொடுங்கள். டேப்பை மூடுவது, ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது, நீடில் மாற்றுவது, அது போதும். எங்கள் தெருப் பெண்களுக்கு என் வாசலில் வைத்து நான் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். கிட் வாங்கக் கடைக்குப் போனதும் எல்லாரும் அதே கேள்வியோடு என்னிடம் திரும்பி வருகிறார்கள்: "இது நல்ல ரப்பர்தானாக்கா?"

உங்கள் நிருபர்கள் வண்டிக் கம்பெனிகளிடமும் உதிரிபாகம் தயாரிப்பவர்களிடமும் இதைக் கேட்டு, எந்த மாடலுக்கு எந்தக் கிட், அதில் என்ன ரப்பர் என்று ஒரு பட்டியல் வெளியிட்டால், வெட்டி எடுத்து எங்கள் ஊர் ஸ்பேர் கடைகளில் ஒட்டுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பட்டுக்கோட்டை.