சந்தேகம் பாரிஸிலிருந்து வரவில்லை: ஆயர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் புராட்டஸ்டண்ட் சபைகளில் ஊழியம் செய்யும் ஆயர் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

கன்வென்ஷன் மேடைகளில் இப்போது பின்நவீனத்துவம், அதாவது எல்லோருக்கும் பொதுவான ஒரே உண்மை உண்டு என்பதைச் சந்தேகிக்கும் சிந்தனை, நன்றாக அடி வாங்குகிறது. முன்பு அந்த இடத்தில் டார்வின் இருந்தார். அதற்கும் முன்பு சினிமா. வாலிபர்கள் ஆராதனைக்கு வராததற்கும், வருகிறவர்கள் ஏடாகூடமாகக் கேள்வி கேட்பதற்கும், ‘உங்களுக்கு அது உண்மை, எனக்கு இது உண்மை’ என்று பேசுவதற்கும் அதுதான் காரணம் என்கிறீர்கள். கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், சபையில் பிள்ளைகளை நற்கருணைக்குத் தயாராக்கும் திடப்படுத்தல் வகுப்புக்குத் துணை நிற்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: தப்பான ஆளை அடிக்கிறீர்கள்.

பின்நவீனத்துவம் என்ற சொல்லைத் தத்துவ உலகில் பிரபலமாக்கியது, பாரிஸ் தத்துவவாதி ழான் பிரான்சுவா லியோதார் 1979-இல் வெளியிட்ட ஓர் அறிக்கை. கனடாவின் கியூபெக் மாகாணப் பல்கலைக்கழகங்களின் குழு கேட்டுக்கொண்டதற்காக எழுதியது. பெருங்கதையாடல்கள் மீது, அதாவது எல்லாவற்றையும் விளக்கிவிடுவதாகச் சொல்லும் பெரிய கதைகள் மீது, நம்பிக்கை போய்விட்டது என்பது அதன் பிரபலமான வரி. ‘பார்த்தீர்களா, வேதத்தைத்தான் சொல்கிறார்’ என்று நம்மவர்கள் பதறுகிறார்கள். அவர் முக்கியமாகக் கைநீட்டியது பகுத்தறிவு மனிதகுலத்தை விடுவிக்கும் என்ற அறிவொளிக் காலக் கதையையும், வரலாறு தன் இலக்கை நோக்கித் தானே நடக்கிறது என்ற ஜெர்மன் தத்துவவாதி ஹெகலின் கதையையும். மற்றவர் கதைகளை மூடநம்பிக்கை என்று சிரிக்கும் அறிவியலும், தன்னை நியாயப்படுத்த ஒரு கதையைத்தான் நாடவேண்டியிருக்கிறது என்றார். இருநூறு வருஷமாக விசுவாசத்தைக் கூண்டில் நிறுத்தி விசாரித்த நீதிபதியையே அவர் கூண்டில் ஏற்றிவிட்டார். அந்த நீதிபதிக்காக நாம் ஏன் அழவேண்டும்?

அழுவதற்குக் காரணம் இருக்கிறது. நாமும் அந்த நீதிபதியிடம்தான் சான்றிதழ் வாங்கிக்கொண்டிருந்தோம். நோவாவின் பேழை கிடைத்துவிட்டது, அறிவியல் வேதத்தை நிரூபித்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்களைப் பிரசங்கத்தில் எடுத்துச் சொல்கிறோமே, அது, சந்தேகிக்கவே முடியாததிலிருந்துதான் அறிவைத் தொடங்கவேண்டும் என்ற தத்துவவாதி தேகார்த் போட்ட அடித்தளத்தின்மேல் விசுவாசத்தைக் கட்டுகிற வேலை. சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் கேட்டது நவீனத்துவம். அப்போஸ்தலர்கள் கொடுத்தது சாட்சி. சாட்சி சொல்கிறவன் தன்னையே பணயம் வைக்கிறான். அவன் வாழ்க்கையைப் பார்த்துத்தான் ஊர் அவன் சொல்லை எடைபோடும்.

இதை நன்றாக உணர்ந்த ஒருவர் நம் நடுவிலேயே இருந்தார். லெஸ்லி நியூபிகின் 1936-இல் பிரிட்டனிலிருந்து மிஷனரியாக வந்தவர். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை - ராமநாதபுரம் பேராயரானார். பிறகு சென்னையிலும் பேராயராக இருந்தார். காஞ்சிபுரத்தில் ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு உட்கார்ந்து உபநிடதமும் யோவான் சுவிசேஷமும் படித்தவர். 1974-இல் ஊர் திரும்பினால், அவர் பிறந்த இங்கிலாந்தே நற்செய்தி எட்டாத தேசமாகத் தெரிந்தது. எதையாவது நம்பித் தொடங்காமல் யாராலும் எதையும் அறியமுடியாது, விஞ்ஞானியும் அப்படித்தான் தொடங்குகிறான் என்பதை, விஞ்ஞானியாக இருந்து தத்துவவாதியான மைக்கேல் போலான்யியிடமிருந்து எடுத்துக்கொண்டார். அதற்காக எல்லாக் கதையும் ஒன்றுதான் என்று கைகழுவவில்லை. ‘கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா’ என்று பவுல் எழுதியது ‘எனக்கு மட்டும் உண்மை’ என்ற பேச்சில் அடங்காது. இந்த இடத்தில் நான் பாரிஸ்காரர்களோடு இல்லை. எல்லாம் வெறும் கதை என்றால், மிதிபட்டவன் சொல்லும் அநியாயமும் இன்னொரு கதையாகிவிடும்.

நற்செய்தி நம்பத்தக்கது என்பதை எதை வைத்துக் காட்டுவது? அதை நம்பி அதன்படி வாழும் ஒரு சபைதான் அதற்கு விளக்கவுரை, வேறில்லை என்று 1989-இல் எழுதினார் நியூபிகின். எனக்கு வயிற்றைக் கலக்குவது இந்த இடம்தான்.

திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாதிக்கு ஒரு பக்கமாக உட்கார, ஒரே பீடத்தை நோக்கி இரண்டு நடுக்கூடங்கள், இடையில் சுவர் என்று 1872-இல் கட்டினார்கள். பேன்ட் கோயில் என்றே பெயர். 1910-இல் சுவரை இடித்தபோது ஒரு தரப்பு நீதிமன்றம் போனது. அது அவர்கள் கதை என்று நாம் நழுவமுடியாது. சாதி வேறுபாட்டை உடனே, அறவே விட்டுவிடுங்கள் என்று 1833-இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் கடிதம் அனுப்பியதும், தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் நம் முன்னோர்கள் கூட்டமாகச் சபையை விட்டு வெளியேறினார்கள். சாதியை விடுவதைவிட நற்கருணையை விடுவது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

வகுப்புக்கு வரும் பதினைந்து வயதுப் பிள்ளை லியோதாரைப் படித்ததில்லை. சபைத் தேர்தலில் யார் எந்தச் சாதி என்று வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எண்ணப்படுவதைக் கேட்டிருக்கிறது. ‘கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை’ என்று மனப்பாடம் செய்த அதே வாரத்தில், பெண் பார்க்கும் பேச்சில் முதல் கேள்வி என்னவென்றும் கேட்டிருக்கிறது. ‘இந்த உண்மையால் யாருக்கு லாபம்?’ என்ற கேள்வியை அதற்குச் சொல்லிக்கொடுக்க, அறிவுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்த பிரெஞ்சுத் தத்துவவாதி ஃபூக்கோ தேவையில்லை. (ஃபூக்கோவைப் படியுங்கள் என்றும் சொல்வேன். 1978-இல் அவர் நடத்திய வகுப்புகளில் மேய்ப்பனுக்கும் மந்தைக்கும் இடையிலான அதிகாரத்தை ஆராய்ந்தார். உங்களுக்கு ருசிக்காது, ஆனால் உதவும்.)

ஆகவே ஒரு வேண்டுகோள். பின்நவீனத்துவத்துக்கு எதிராக ஒரு சிறப்புக் கூட்டம் போட்டு, வெளியூர்ப் பேச்சாளரை அழைக்கும் யோசனை இருந்தால் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். வரும் திடப்படுத்தல் வகுப்பில் விசுவாசப் பிரமாணத்தோடு நம் சபையின் சரித்திரத்தையும் சொல்லிக்கொடுங்கள்: மிஷனரிகள் கட்டிய பள்ளிகளையும் சொல்லுங்கள், 1833-ஐயும் சொல்லுங்கள். கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எங்கே இடம் என்று எப்படித் தீர்மானிக்கிறோம் என்று பிள்ளைகள் கேட்டால், ஜெபம் பண்ணி முடித்துவிடாமல் பதில் சொல்லுங்கள். பதில் சொல்ல முடியாவிட்டால் அந்தக் கேள்வியைக் கமிட்டிக்குக் கொண்டுபோங்கள். நானும் வந்து உட்காருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சபை அங்கத்தினன் ஒருவன்